மோர்ப்பண்ணையில் ஒதுங்கியது ரயில் பாய்லரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மோர்ப்பண்ணையின் கரையில் ஒதுங்கிய இரும்பு உருளை, 1964 புயலில் மூழ்கிய தனுஷ்கோடி ரயிலின் பாய்லர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்திலும் 'பொதுமக்கள் பரபரப்பு' என்று படத்தோடு வந்துவிட்டது. நான் தொண்டியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். வாப்பா காலத்துக் கடை. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உருளை ஆள் இடுப்பு உயரம் வரும். இரண்டு முனையையும் தகடு வைத்து மூடி, சுற்றி வெல்டிங் அடித்திருக்கிறார்கள். ஒரு முனையில் சங்கிலி கோக்கும் வளையம். ரயில் இன்ஜின் பாய்லர் என்றால் உள்ளே நெடுக புகைக் குழாய்கள் ஓடும். அவற்றைப் பிடித்து நிறுத்தும் தகடு முழுக்க ஓட்டைகள் இருக்கும். இதில் ஓட்டை என்று ஒன்றுகூட இல்லை. அதை விடுங்கள். வளையம் இருக்கும் பக்கம் பாதி வரைக்கும் கொட்டலசு, அதாவது தண்ணீருக்குள் இருக்கும் சாமானில் ஒட்டி வளரும் ஓட்டுப் பிராணி, அப்பிக் கிடக்கிறது. மறுபாதியில் பெயருக்குக்கூட இல்லை; நகத்தால் சுரண்டினால் வெளுத்துப்போன மஞ்சள் பெயின்ட் உதிர்கிறது. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அதாவது பாதி தண்ணீருக்குள்ளும் பாதி வெயிலிலுமாக நின்ற சாமான் இது. அறுபது வருஷம் கடலடியில் கிடந்த பொருளுக்கு நீர்மட்டக் கோடு எங்கிருந்து வரும்? கப்பல் கட்டுவதற்கோ அடையாளத்துக்கோ சங்கிலி போட்டு விட்டிருந்த போயா, அதாவது மிதவை, சங்கிலி அறுந்து வாடைக்காற்றில் கரை தட்டியிருக்கிறது. என் கணக்கு அவ்வளவுதான். கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரும் பார்த்தவுடனே இதைத்தான் சொன்னார். அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

'மலேசிய விமானத்தின் இறக்கையே கரை ஒதுங்கும்போது ரயில் ஒதுங்காதா?' என்று அந்த வாட்ஸ்அப் செய்தியில் ஒரு கேள்வி. 2014-ல் காணாமல் போன அந்த விமானத்தின் இறக்கைத் துண்டு 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கியது உண்மைதான். ஆனால் அது தேனடை மாதிரி உள்ளே வெற்றறைகள் வைத்துச் செய்த லேசான பொருள், மிதந்து வந்தது. ஒரு கன அடி இரும்பு 220 கிலோ நிற்கும். அதே அளவு கடல் தண்ணீர் முப்பது கிலோகூட வராது. பாய்லருக்குள் தண்ணீர் ஏறி ஒரு தடவை தரை தட்டிவிட்டால் அப்புறம் அது எழும்பி வர வழியே இல்லை. தனுஷ்கோடியிலிருந்து மோர்ப்பண்ணைக்கு நேர்கோட்டில் போனாலும் சுமார் 70 கிலோமீட்டர்.

அதே புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் 126 கர்டர்களை, அதாவது இரும்பு உத்திரங்களை, கடல் அடித்துக்கொண்டு போனது. ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தாரே, அப்போது கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்துத்தான் திரும்ப மாட்டினார்கள். அவ்வளவு பெரிய புயல் தூக்கிப் போட்ட இரும்பே அக்கம்பக்கத்தில்தான் கிடந்தது. தனுஷ்கோடியில் மணல் அரித்து ஒரு துண்டுத் தண்டவாளம் தலைகாட்டியது என்று போட்டிருந்தால் நானே நம்பியிருப்பேன்.

துரு கணக்கும் இருக்கிறது. கடல் தண்ணீர் இரும்பை வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தின்னும், அதுவும் ஒவ்வொரு பக்கமும். மணலுக்குள் புதைந்தால் இன்னும் மெதுவாகும். அறுபது வருஷம் கிடந்திருந்தால் மேடு எல்லாம் கரைந்திருக்கும்; இந்த உருளையின் வெல்டிங் வரி இன்னமும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

உருட்டினால் உள்ளே சலசலக்கிறதாம், எலும்பாம் என்றும் பரப்புகிறார்கள். துருச் செதில் உதிர்ந்தால் அப்படித்தான் சத்தம் வரும். அந்த ராத்திரி 653-ம் நம்பர் பாசஞ்சரில் போய் இறந்தவர்கள் 115 பேர் என்பது பதிவில் உள்ள கணக்கு. அவர்களுடைய பிள்ளைகள், பேரன் பேத்திகள் கையிலும் இதே செல்போன்தான் இருக்கிறது. அனுப்புகிறவருக்கு இது ஏன் உறைக்கவில்லை?

இதை நான் எழுத அவசரமான காரணம் வேறு. 'ரயில் இரும்பு' என்று துண்டு போட்டு ராமேஸ்வரம் வரும் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கலாம், என்ன விலை போகும் என்று என் கடைக்கே ஒருவர் போன் செய்தார். நான் போயிருந்த அன்று இரண்டு பையன்கள் கேஸ் கட்டிங் செட்டை வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். மூடிய டிரம்மை ஓட்டை போட்டுப் பார்க்காமல் தீ வைத்து வெட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். உள்ளே என்ன வாயு நிற்கிறது என்று வெளியே தெரியாது. சூடேறினால் முனைத் தகடு பிய்த்துக்கொண்டு பறக்கும், எதிரே நிற்பவன் பிழைக்க மாட்டான். பையன்களிடம் சொன்னேன், அன்றைக்குத் திரும்பிப் போனார்கள்.

கடலோரக் காவல் நிலையத்தார் உருளையைக் கைப்பற்றி, பெயின்ட்டைச் சுரண்டி எண் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதுவரை யாரும் அதில் தீ வைக்க வேண்டாம் என்று, முந்தைய செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய இரும்பு வியாபாரி,
தொண்டி.