தொண்ணூறு தானே என்றாய்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போதே சொல்ல நினைத்தேன். மழை வருகிறது என்று அவசரப்பட்டாய், அதனால் எழுதுகிறேன். பெங்களூரிலிருந்து எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்டதற்கு, "தொண்ணூறு தானேம்மா, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்றாய். அந்த 'தானே' என்னைத் தூங்க விடவில்லை.

ப்ளஸ் ஒன்னில் நாம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? மணிக்கு 72 கிலோமீட்டரில் போகிற கார், பிரேக் பிடித்தால் எதிர்முடுக்கம் 5, அதாவது ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்கு 5 மீட்டர் குறையும், எங்கே நிற்கும்? 72ஐ 5/18ஆல் பெருக்கினால் நொடிக்கு 20 மீட்டர், அதன் வர்க்கம் 400, எதிர்முடுக்கத்தின் இரண்டு மடங்கான பத்தால் வகுத்தால் 40 மீட்டர். நீ 40 என்று எழுதிவிட்டு, விடைப்பகுதியில் 60 என்று இருந்ததைப் பார்த்துப் புத்தகம்தான் தப்பு என்று சண்டை போட்டாய். ஓட்டுநர் சுதாரிக்க 1 நொடி என்று கேள்வியின் கடைசி வரியில் இருந்தது, அந்த ஒரு நொடியில் கார் வேகம் குறையாமல் 20 மீட்டர் போய்விடும்.

ஒரு நொடியா, அவ்வளவு எதுக்கு என்றாய். அடிஸ்கேலை நான் மேலே பிடித்துச் சட்டென்று விட, நீ கீழே இரண்டு விரலால் பிடித்தாய். 20 சென்டிமீட்டர் நழுவியிருந்தது, அதாவது 0.2 நொடி. குதித்தாய். ஆனால் ஸ்கேல் விழப்போகிறது என்று தெரிந்து விரலை விரித்து வைத்துக் காத்திருந்தாயே கண்ணா. ரோட்டில் மாடு குறுக்கே வரும் என்று யார் முன்கூட்டிச் சொல்வார்கள்? காலும் ஆக்சிலரேட்டரில் அல்லவா இருக்கும்.

சரி, இப்போது உன் 90க்கு வா. நொடிக்கு 25 மீட்டர். அதே மாடு, அதே பிரேக். 72ல் வந்தவன் 60வது மீட்டரில் நின்றுவிட்டான், அந்த இடத்தில் உன் வேகம் என்ன? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் 18 என்பார்கள், 90ல் 72 போனால் 18தானே என்று. சுதாரிப்பதற்குள் 25 மீட்டர் போய்விட்டது, பிரேக்குக்கு மிச்சம் 35. 25இன் வர்க்கம் 625ல், 35ஐப் பத்தால் பெருக்கிய 350 போக 275, வர்க்கமூலம் நொடிக்கு 16.6 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர்! அவன் நின்றுவிட்ட இடத்தில் நீ 60ல் போய் மோதுவாய். 26 வருஷம் போர்டில் போட்ட கணக்குதான், உன்னை வைத்துப் போட்டபோது கை நடுங்கியது.

இதுவும் காய்ந்த சமதளத்துக்கு. தொப்பூர் இறக்கத்தில் மழை பெய்தால் 5 என்பது 3 ஆகிவிடலாம், 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவு அதிலும் 0.5ஐத் தின்றுவிடும். 2.5 வைத்துப் போட்டுப் பார், பிரேக் தூரம் மட்டுமே 125 மீட்டர். ஏபிஎஸ் இருக்கு என்பாய். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேட்கும், அவ்வளவுதான். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

அப்புறம், நீ தூங்கிக்கொண்டிருந்தபோது அப்பா முன் டயர்களைத் தடவிப் பார்த்தார். பட்டன் தேய்ந்து மொட்டையாகிக்கொண்டிருக்கிறதாம். இந்தச் சனிக்கிழமை இரண்டையும் மாற்றிவிடு, பணம் அப்பா அனுப்புகிறார். அடுத்த முறை 70ல் வா. அரை மணி நேரம் கூடத்தான் ஆகும், ஆகட்டும், நீ வந்து உட்கார்ந்த பிறகுதானே தோசை ஊற்றுவேன்.

அம்மா