உட்கார்ந்துவிட்ட வண்டி

மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில், திட்டாதே. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? குண்டன் என்னிடம் வாங்கிய ஐந்நூறைப் பற்றி வாய் திறந்தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் சபர்பன், 2005 மாடல் செவர்லே பெரிய வண்டி, போட்டோவைப் பார்த்து 'கல்யாண பஸ்ஸா?' என்று கேட்டாயே, அது 1,80,000 மைல் தாண்டிவிட்டது. ஹூஸ்டனிலிருந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவன் எல்லாம் லைட்டை அடித்துத் திட்டுவான். நானும் ரிப்பேரை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் ஓட்டியது பெரியவள். டெக்சாஸில் 15 வயதிலேயே லேர்னர் லைசென்ஸ். மேம்பாலத்து வளைவில், ஜாயின்ட் வரும் இடத்தில், பின்பக்கம் துள்ளிப் பக்கத்து லேனை நோக்கித் தள்ளியது. ஷாக் அப்சார்பர் செத்தால் சக்கரம் ரோட்டில் நிற்காமல் குதிக்கும், குதிக்கும்போது பிடிப்பு இருக்காது, இது நமக்குத் தெரியாததா? அவள் கத்தவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி 'அப்பா, நான் என்ன தப்பு பண்ணினேன்?' என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை மாப்ளே.

மறுநாளே விலை குறைவாகப் பார்த்து நாலு ஷாக் வாங்கினேன். துருப்பிடித்த போல்ட்டுக்கு ராத்திரியெல்லாம் எண்ணெய் விட்டு ஊறவைத்தும் ஒன்று முறிந்தது. எப்படியோ மாட்டி, ஜாக்கை இறக்கினால், காலி வண்டியே முன்பைவிட ரெண்டு விரல் கீழே நிற்கிறது! வீட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அப்புறம்தான் டேஷ்போர்டு டப்பாவுக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். ZW7 என்று ஒரு குறியீடு. அதாவது பின்னால் இருந்தது நிவோமாட் ஷாக். ஷாக் ஆட்டத்தைத்தான் அடக்கும், பாரம் ஸ்பிரிங்குடையது என்றுதானே படித்தோம்? இது பாரத்திலும் பங்கு எடுக்கும். ஒயர் இல்லை, காற்றுக்குழாய் இல்லை, ஓடும்போது வருகிற குலுக்கலையே பம்பாக்கி உள்ளே எண்ணெயை அழுத்தித் தானாக வண்டியைத் தூக்கிவிடும். அதை நம்பி ஸ்பிரிங்கை மெத்தென்று போட்டிருக்கிறார்கள். நான் சாதா ஷாக்கை மாட்டியதும் கூட்டாளி போன ஸ்பிரிங் தனியாகத் திணறுகிறது. பழையபடி நிவோமாட்டே போட விலை கேட்டேன், தலை சுற்றியது. ஆகவே கெட்டி ஸ்பிரிங் ஒரு ஜோடி.

அந்த வேலை எளிது, பின்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கைக் கழற்றி, ஆக்சிலை ஜாக்கில் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஷாக் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டேன், உன் அப்பாவாக இருந்தால் ஸ்பேனராலேயே அடித்திருப்பார். சக்கரம் தரையில் நிற்கும்போது முறுக்காவிட்டால் ரப்பர் புஷ் திருகிக்கொண்டே கிடக்கும் என்று ராத்திரி பதினொரு மணிக்கு நினைவு வந்து, டார்ச்சோடு மறுபடி கீழே படுத்தேன்.

இப்போது பின்பக்கம் நிமிர்ந்துவிட்டது. ஆனால் மூக்கு தாழ்ந்த மாதிரி தெரிகிறது. முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. போல்ட்டைத் திருகினால் உயரும், தெரியும். சக்கரத்தின் சாய்வும் மாறும், அலைன்மென்ட் பார்க்க வேண்டும், ரொம்பத் திருகினால் சவாரி கட்டை வண்டி மாதிரி ஆகிவிடும். திருகட்டுமா, அப்படியே விடட்டுமா? லாரிக்கு ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது மாதிரி எனக்கும் ஏதாவது சேர்க்கச் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை அதே மேம்பாலத்தில் தானே ஓட்டுவேன் என்கிறாள் பெரியவள். அதற்குள் பதில் போடு.

உன் பழைய ரூம்மேட்