பக்கத்து மேசைப் பெரியவருக்கு

லாஸ் ஏஞ்சல்ஸ் பிக்கோ சாலையில், தெற்கு மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்துக்காரர் நடத்தும், ஆறே மேசை உள்ள அந்தச் சாப்பாட்டுக் கடையில் போன சனிக்கிழமை எனக்கு வழிகாட்டிய பெரியவரே, மனமார்ந்த நன்றி. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

பலகையில் எழுதியிருந்தது எதுவும் புரியாமல் வழக்கம்போல புரிட்டோ இருக்கிறதா என்று நான் கேட்டபோது, உங்கள் தட்டை என் பக்கம் திருப்பி, "புரிட்டோ வடக்கு மெக்சிகோ பக்கத்துச் சாப்பாடு, இங்கே வந்தால் த்லாயுதா சாப்பிடுங்கள்" என்றீர்கள். தட்டை விடப் பெரிய மக்காச்சோள ரொட்டி, அதன்மேல் பன்றிக் கொழுப்பைத் தடவி, கறுப்பு பீன்ஸ் விழுது, நூல் நூலாகப் பிரியும் சீஸ், தணலில் வாட்டிய மாட்டிறைச்சி என்று அடுக்கியிருந்தார்கள், ஓரத்தை ஒடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பீன்ஸில் வந்த அந்தச் சோம்பு வாசனை அவகாடோ இலையுடையது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அப்புறம் கறுப்பு மோலே. மிளகாயைக் கருகும் பதம்வரை வறுத்து, எள்ளும் சாக்லேட்டும் சேர்த்து அரைக்கிற குழம்பு; அந்த லேசான கசப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது.

இத்தனை வருடம் சீஸ் கொட்டிய டாக்கோவைத்தான் மெக்சிகோ சாப்பாடு என்று நினைத்திருந்தேன். மெக்சிகோவின் பூயெப்லா மாநிலத்துக்காரர் கடையில் செமிட்டா என்ற சாண்ட்விச் கிடைக்கும் என்றீர்களே, வரும் ஞாயிறு அங்கே போகிறேன். நீங்களும் வந்தால் அன்றைய சாப்பாடு என் செலவு, ஐயா.