டேப்லோ பயனர் குழுவினருக்கு ஒரு கல்லூரி ஆசிரியையின் நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கிறேன். உங்கள் குழுவில் ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. உதவியவர்களுக்கு அவ்வப்போது தனித்தனியே நன்றி சொல்லியிருக்கிறேன் என்றாலும், அந்த உதவிகள் எங்கள் வகுப்பறையில் என்னவாக ஆயின என்பதை எல்லோரும் அறியும்படி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக மனத்தில் இருந்தது. அதற்காகவே இம்மடல்.

தரவுகளைப் படங்களாக வரைந்து காட்டும் மென்பொருளான டேப்லோவின் இலவச உரிமம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஓராண்டுக்குக் கிடைக்கும், கற்பிக்கும் காலம் வரை அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற செய்தியே உங்களில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. உரிமம் கிடைத்த பிறகும் குழுவில் சேரத் தயங்கினேன். உறுப்பினர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களில் நாள்தோறும் தரவுகளோடு பணியாற்றுபவர்கள். பாடத்திட்டத்துக்குள் நின்று கற்பிக்கும் ஒருவருக்கு அங்கே என்ன இடம் இருக்கும் என்று நினைத்தேன். அந்தத் தயக்கம் முதல் கூட்டத்திலேயே நீங்கியது.

டேப்லோவில் நீல நிறத்தில் வருவன வகைகள், பச்சை நிறத்தில் வருவன எண் அளவுகள் என்று ஒரு செமஸ்டர் முழுவதும் மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். அன்று பேச்சுவாக்கில் அதையே சொன்னபோது, உங்களில் மூத்தவர் ஒருவர் குறுக்கிடாமல் கேட்டிருந்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் தனியே அழைத்துத் திரையைக் காட்டினார். ஒரே தேதியை முதலில் நீலமாக வைத்தார். மாதங்கள் தனித்தனித் தலைப்புகளாக நின்றன. அதையே பச்சையாக மாற்றினார். காலம் ஓர் அச்சாக நீண்டது. நீலம் தனித்து நிற்கும் மதிப்புகளையும் பச்சை தொடர்ந்து ஓடும் மதிப்புகளையும் குறிக்கின்றனவே தவிர, வகையா அளவா என்பதைக் குறிப்பதில்லை என்பது இரண்டே நிமிடத்தில் விளங்கிவிட்டது. மறுவாரம் வகுப்பில் என் பிழையைச் சொல்லித் திருத்திக்கொண்டேன். பலர் முன்னிலையில் சொல்லாமல் தனியே சொன்ன அந்தப் பண்புக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது வரைபட விவகாரத்தை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டு தமிழ்நாட்டின் மாவட்டவாரி மக்கள் அடர்த்தியை வரைவது மாணவர்களுக்கு நான் கொடுத்த பயிற்சி. எண்கள் இருந்த கோப்பில் 32 மாவட்டங்கள். எல்லைகள் இருந்த கோப்பில், பின்னாளில் பிரிக்கப்பட்ட மாவட்டங்களும் சேர்ந்து, 38. இரண்டையும் இணைத்ததும் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகிய ஆறும் நிறமில்லாமல் வெள்ளையாக நின்றன. "மேடம், நம்ம மாவட்டமே இதுல இல்லையே" என்று முன்வரிசையில் இருந்த மாணவி கேட்டாள். தூத்துக்குடியும் நீலகிரியும்கூட முதலில் விடுபட்டிருந்தன. ஆனால் அவை இரண்டு கோப்புகளிலும் வேறு வேறு ஆங்கில எழுத்துக்கோவையில் இருந்ததால் வந்த சிக்கல். பெயரைத் திருத்தியதும் சரியாகிவிட்டன. இந்த ஆறுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

உங்களிடம் கேட்டபோது, வெள்ளையாக நிற்கும் ஆறு மாவட்டங்களைவிட நிறத்தோடு நிற்கும் சிலவே பெரிய பிழை என்று ஒரு தோழி சுட்டிக்காட்டினார். 2011இல் விழுப்புரம் மாவட்டத்தில் கணக்கிடப்பட்ட 34 லட்சத்து 58 ஆயிரம் மக்களில் இன்றைய கள்ளக்குறிச்சி மக்களும் அடக்கம். அத்தனை பேரையும் 2019க்குப் பிந்தைய சிறிய விழுப்புரத்தின் பரப்புக்குள் நாங்கள் அடைத்திருந்தோம். வேலூர் இன்னும் மோசம். மூன்று மாவட்டங்களின் மக்கள் ஒன்றுக்குள் இருந்தார்கள். எங்கள் கண்ணுக்குக் குறையாகப் பட்டது வெற்றிடம் மட்டுமே. அழகாக நிறம் தீட்டப்பட்டிருந்த பொய்யை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அந்தத் தோழி இரவு பதினொரு மணி வரை எங்களோடு இணையவழியில் இருந்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் புதிய மாவட்டங்களைத் தாய் மாவட்டங்களோடு சேர்த்து, நடுவில் இருந்த எல்லைக்கோடுகளைக் கரைத்து, 32 மாவட்டங்களாகத் திரும்ப அமைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். தாமே செய்து அனுப்பியிருந்தால் கால்மணி நேரத்தில் முடிந்திருக்கும். மாணவர்கள் கையால் செய்ய வேண்டும் என்பதற்காக அத்தனை நேரம் பொறுத்திருந்தார்.

சென்னை மட்டும் இந்த வழிக்கு அடங்கவில்லை. 2018இல் அண்டை மாவட்டங்களின் பகுதிகள் சேர்ந்து சென்னையின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. 2011இல் இருந்த 46 லட்சத்து 46 ஆயிரம் பேரை அந்தப் பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 10,900 பேர் என்று வரும். கணக்கெடுப்பின்படியோ 26 ஆயிரத்துக்கும் மேல். அதனால் அடர்த்தியை நாங்களே வகுத்துக் கணக்கிடாமல், கணக்கெடுப்பு வெளியிட்ட எண்ணையே பயன்படுத்தி, எல்லை மாறியதை வரைபடத்தின் அடியில் குறிப்பாக எழுதச் சொன்னீர்கள். அந்தக் குறிப்பை எழுதியவள், "நம்ம மாவட்டமே இல்லையே" என்று கேட்ட அதே மாணவிதான்.

வேறு உதவிகளும் உண்டு. டேப்லோவின் பொது இணையதளமான டேப்லோ பப்ளிக்கில் பதிவேற்றுவது உலகத்தின் பார்வைக்கு வந்துவிடும் என்பதால், மதிப்பெண் தரவுகளை அங்கே ஏற்ற வேண்டாம் என்று உரிய நேரத்தில் எச்சரித்தீர்கள். ஏற்கெனவே வெளியான ஒரு படத்தை வாரந்தோறும் பலரும் திருத்தி வரையும் 'மேக்ஓவர் மண்டே' முயற்சியை அறிமுகம் செய்தீர்கள். அதை ஒட்டி நாங்களும் திங்கட்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். சிவப்பும் பச்சையுமாக ஒரு மாணவர் செய்திருந்த டாஷ்போர்டை, அதாவது பல படங்களை ஒரே திரையில் தொகுத்துக் காட்டும் பலகையை, பார்த்த உறுப்பினர் ஒருவர், தமக்கு அந்த இரு நிறங்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன என்று மிக இயல்பாகச் சொன்னார். அன்றிலிருந்து நிறக்குருடு உள்ளவர்களுக்கென டேப்லோவிலேயே இருக்கும் வண்ணத் தொகுப்பைத்தான் எங்கள் வகுப்பு பயன்படுத்துகிறது.

மாணவர்கள் அமைத்த 32 மாவட்ட எல்லைக் கோப்பும், அதைச் செய்யும் முறையைத் தமிழில் விளக்கும் குறிப்பும் இப்போது எங்களிடம் உள்ளன. வேறு கல்லூரி ஆசிரியர்கள் யாரேனும் குழுவில் கேட்டால், தயங்காமல் எங்களிடம் அனுப்பிவையுங்கள். கோப்பைக் கொடுப்பதோடு, அருகிருந்து செய்துகாட்டவும் என் மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் குழுவின் உறுப்பினரான ஒரு புள்ளியியல் ஆசிரியை,
கள்ளக்குறிச்சி.