மேட்டூர் அணைப் பூங்காவில் காவிரி மீன்களுக்கெனக் காட்சியகம் கோரும் மனு

அனுப்புநர்:
மேட்டூர் நீர்த்தேக்க மீனவக் குடும்பத்தினர்,
மேட்டூர் அணை, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: காவிரியில் அருகிவரும் மீன்களை மக்களுக்குக் காட்டும் காட்சியகம் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஆடிப்பெருக்கன்று அணை முனியப்பனைக் கும்பிட வரும் கூட்டத்தில் பலர் பொரித்த மீன் சாப்பிடாமல் ஊர் திரும்புவதில்லை. எங்கள் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது. ஆனால் தட்டில் விழும் கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள். திலேப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. காவிரி மீன் தின்ற திருப்தியோடு எல்லோரும் பஸ் ஏறுகிறார்கள்!

காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் ஒன்று உண்டு: முதுகில் திமில் எழும்பிய மஹ்சீர். 1946-இல் மைசூர்ப் பக்கம் தூண்டிலில் சிக்கிய ஒன்றின் எடை 120 பவுண்டு. தூண்டில்காரர்கள் ஒன்றரை நூற்றாண்டாக அறிந்த இந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டு அது மிக அருகிய இனமாக, அழிவுக்கு ஆளாகும் உயிரினங்களின் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் ஏறியது. அணைகள் வழியை மறித்தன. மீன் பிடிக்க வெடித் தோட்டா போட்டதில் தாயும் குஞ்சும் சேர்ந்து செத்து மிதந்தன. போதாததற்கு, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து நல்லெண்ணத்தோடு ஆற்றில் விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற வேறோர் இனம் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எந்த மீனை விட்டாலும் ஆற்றுக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் இன்றும் ஏராளம்.

இந்த மஹ்சீரைப் பிடித்துத் தொட்டியில் அடைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. எஞ்சியிருப்பதே சொற்பம். அதற்கு அசல் அளவில் ஓர் உருவம் செய்து வைத்தால் போதும். அதன் வாயில் பல் கிடையாது; தொண்டைக்குள் இருக்கும் பற்களால்தான் நத்தையையும் நண்டையும் நொறுக்கும். உருவத்தின் தொண்டையைத் திறந்து அதைக் காட்டினால் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். உயிரோடு காட்டக் கருமுழிக் கெண்டை, அரிஞ்சான், கெளுத்தி இருக்கின்றன. வண்ண மீன்கள் வேண்டாம். அவற்றைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் அழைக்கும் பெயர்களையே பலகையில் எழுத வேண்டும். விளக்கிச் சொல்லும் வேலையை, உரிய சம்பளத்தோடு, மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்கு வழங்க வேண்டும். வீட்டுத் தொட்டி மீன்களை ஆற்றில் விடாதீர்கள் என்ற எச்சரிக்கை வாசலிலேயே இருக்கட்டும்.

மீன்வளத் துறையிடம் இதற்கான அனுபவம் உண்டு. கட்டடம் எழும்வரை காத்திராமல், வரும் ஆடிப்பெருக்குக்கு நான்கு தொட்டிகளையாவது வைக்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேட்டூர் நீர்த்தேக்க மீனவக் குடும்பத்தினர்