தாத்தாவின் ஸ்போர்ட்ஸ் காரை விற்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது, பின்கட்டுக் கொட்டகையிலிருந்து தார்ப்பாய் மூடிய இரண்டு சீட்டு கார் வெளியே வருவது உண்டு. எம்.ஜி., ஆஸ்டின் செவன், ரைலி என்று இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் செய்யப்பட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் வண்டி புரோக்கரிடமும், அலமாரியில் இருந்த காகிதக் கட்டு காயலான் கடைக்கும் போய்விடுகின்றன. அந்த வண்டி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்ற சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது. அதை அறுக்காமல் விற்பது எப்படி, வாங்குவது எப்படி என்பதற்காகவே இந்தக் கடிதம்.

சங்கிலிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு லண்டன் உயர் நீதிமன்றத்தின் 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று போதும். 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 'ஓல்ட் நம்பர் ஒன்'. 1932இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நடந்த விபத்தில் ஓட்டியவர் இறந்தார். கார் மறுபடியும் கட்டப்பட்டது. பிற்காலத்தில் ஒரு கோடி பவுண்டு அளவுக்கு விலை பேசியவர்கள், 'இதில் 1929ஆம் ஆண்டுப் பாகமே அநேகமாக இல்லை, இது அந்தக் கார் அல்ல' என்று பின்வாங்கினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், பாகங்கள் படிப்படியாக மாறியிருந்தாலும் வண்டியின் இருப்பு இடையில் அறுபடவில்லை; அந்தப் பெயரில் விற்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றார். வண்டி எந்த ஆண்டு எங்கே இருந்தது, யார் என்ன வேலை செய்தார்கள் என்று காட்ட ஆதாரங்கள் இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

நம் ஊரில் இந்த ஆதாரங்கள் சாதாரணக் காகிதங்களாக இருக்கும். ஆர்.சி. புத்தகம் முதலில். அதன் பின்பக்கங்களில் ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் தேதியும் அலுவலக முத்திரையும் இருக்கும். கூடவே பழைய வரி டோக்கன்கள், இன்சூரன்ஸ் பாலிசிகள், ஒர்க்ஷாப் பில்கள், போர்க்கால பெட்ரோல் ரேஷன் கூப்பன், வண்டி வாங்கியபோது எழுதிய ரசீது. நம்பர் பிளேட் தெரியும்படி எடுத்த கல்யாணப் புகைப்படம்கூட ஒரு சாட்சிதான். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்து நிகழ்ச்சி அட்டைகளில் ஓட்டுநர் பெயரோடு காரின் பெயரும் அச்சாகியிருக்கும். ஆர்.சி.யில் விடுபட்ட பத்தாண்டை அப்படி ஓர் அட்டை நிரப்பிவிடலாம். இவற்றை லேமினேட் செய்யக் கூடாது. சூட்டில் பழைய மை பரவும், பிறகு பிரிக்கவும் முடியாது. முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து, அசலை அமிலமில்லாத உறையில் போட்டு, வண்டியோடு சேர்த்தே கைமாற்ற வேண்டும்.

அடுத்தது, தரகர்கள் 'ஓப்பன் ஃபார்ம்' என்று சொல்லும் வழக்கம். உரிமையாளர், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தத் தாள்களோடு வண்டி மூன்று நான்கு கை மாறும். கடைசியில் வாங்குபவர் தன் பெயரை எழுதி ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுப்பார். பதிவேட்டில் முதல் ஆளிடமிருந்து நேராகக் கடைசி ஆளுக்குப் போனதாக இருக்கும்; நடுவில் இன்ஜினை மாற்றியவர், பாடியை வெட்டியவர் யாரும் தெரியமாட்டார்கள். சட்டப்படியும் இது ஆபத்து. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெயர் மாறாத வரையில் விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் விற்பவர் இரண்டு படிவத்திலும் தேதியும் வாங்குபவர் பெயரும் முகவரியும் தன் கையால் எழுதி, நகல் வைத்துக்கொண்ட பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

வடசென்னைக் குடும்பங்களில் அதிகம் சிக்குவது வேறிடம். வண்டி இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். தாத்தாவும் போய், அப்பாவும் போன பிறகு பேரன் விற்கப் புறப்படுவார். பேரனின் கையெழுத்துக்கு அங்கே மதிப்பில்லை. முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டு இறப்புக்கும் தனித்தனியே இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் வேண்டும்; அத்தைமார்கள் உட்பட மற்ற வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வாரிசு அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்தைச் சான்று செய்து அனுப்பலாம். ஒருவர் விடுபட்டால்கூட விற்பனை முடிந்து பல வருஷம் கழித்து வழக்கு வரும். அந்த வழக்கு வண்டியின் வரலாற்றிலும் ஒட்டிக்கொள்ளும். 'எம்.எஸ்.' என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் பதிவு எண்கள் 'வாகன்' என்ற அரசின் வாகனப் பதிவுக் கணினியில் ஏறாமல் இருந்தால், அசல் ஆர்.சி.யைக் காட்டி முதலில் பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) செய்யச் சொல்ல வேண்டும். அது முடியாமல் மற்ற எந்த விண்ணப்பமும் நகராது.

இனி வாங்குபவர்களுக்கு. ஆர்.சி.யில் உள்ள 'தயாரிப்பு ஆண்டு' கட்டத்தை அப்படியே நம்ப வேண்டாம். சென்னையில் முதலில் பதிவான வருஷத்தையே சிலர் அதில் எழுதியிருப்பார்கள். 1938இல் செய்த வண்டி பம்பாயிலிருந்தோ இலங்கையிலிருந்தோ 1947இல் இங்கே வந்திருந்தால் 1947 என்றே இருக்கக்கூடும். எதிர்த் திசையிலும் நடக்கும்: போருக்குப் பிந்தைய வண்டியை முந்தையது என்று விற்பது.

எம்.ஜி. வண்டிகளில் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டி.ஏ. மாடல் 1936 முதல் 1939 வரை சுமார் 3,000 வந்தது. அடுத்த டி.பி. மாடல் 1939இல் 379 மட்டுமே. அதற்குள் போர் வந்துவிட்டது. 1945இல் தொடங்கிய டி.சி. பார்வைக்கு டி.பி. போலவே இருக்கும், எண்ணிக்கையிலோ பல மடங்கு அதிகம். எம்.ஜி.யின் ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதால் ஒவ்வொரு மாடலின் சேஸிஸ் (அடிச்சட்டம்) எண்ணையும் அவர்கள் 0251இலிருந்தே தொடங்கினார்கள். ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் மாடல் தெரியாது. முன்னால் உள்ள எழுத்துகள்தான் சொல்லும். திருகிப் பொருத்திய தகட்டைப் புதிதாக அடித்துக்கொள்ளலாம். சேஸிஸ் இரும்பின் முன்முனையில், இடப்பக்கம் வெட்டிய எண்ணே நம்பத்தக்கது. அதன் மேல் உள்ள பெயின்டைப் பெயின்ட் ரிமூவர் தடவி, பித்தளை பிரஷ்ஷால் மெதுவாக எடுங்கள். கிரைண்டர் வைத்தால் எழுத்தின் ஆழம் போய்விடும். பிறகு எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார். சாக்பீஸ் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். மெல்லிய தாளும் பென்சிலும் வைத்து சேஸிஸ் பிரின்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

எண் இருக்கட்டும், இரும்பையும் பாருங்கள். டி.ஏ., டி.பி. இரண்டிலும் ஸ்பிரிங் பட்டையின் பின்முனை வழுக்கும் டிரன்னியன் என்ற தாங்கியில் உட்காரும், டி.சி.யில் ரப்பர் புஷ் போட்ட ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பு வரும். முந்தையதில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் பின் அச்சுக்கு முன்னால் இருக்கும், டி.சி.யில் ஒரே 12 வோல்ட் பேட்டரி பானெட்டுக்கு அடியில். டி.சி.யின் உட்காரும் இடம் நான்கு அங்குலம் அகலம் கூடியது. கால் மிதிக்கும் பலகையில் முந்தையதற்கு மூன்று பட்டை, டி.சி.க்கு இரண்டு. பட்டையை மாற்றுவது சுலபம். டிரன்னியனை யாரும் லேசில் மாற்றமாட்டார்கள். அதனால் ஜாக்கி போட்டுத் தூக்கி அதை முதலில் பாருங்கள்.

இன்ஜினிலும் வரலாறு இருக்கிறது. டி.ஏ.வுக்கு உரியது எம்.பி.ஜே.ஜி. என்ற 1292 சி.சி. இன்ஜின். அதன் பிக் எண்ட் பேரிங்கில் (கனெக்டிங் ராடின் கீழ்முனையில்) ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை நேரடியாக வார்க்கப்பட்டிருக்கும். கிளட்ச், எண்ணெயில் ஓடும் கார்க் கிளட்ச். ஒயிட் மெட்டல் வார்க்கும் கை குறைந்ததால், பலரும் 1250 சி.சி. எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜினை மாட்டினார்கள், அதற்குக் கழற்றி மாற்றக்கூடிய ஷெல் பேரிங் போதும். ஓட்டுவதற்கு அது நல்லதுதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும், பழைய இன்ஜின் பிளாக்கையும் விற்றுவிடக் கூடாது. அந்த பிளாக் வண்டியோடு வருகிறதா என்று விலை பேசும்போதே கேளுங்கள். இன்னொன்று: இந்த இன்ஜின்களின் போல்ட் மரை மெட்ரிக், தலையோ விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனருக்கு உரியது. 8 மில்லி போல்ட்டின் மரை இடைவெளி 1 மில்லி. கடையில் கிடைக்கும் சாதாரண 8 மில்லி போல்ட்டுக்கு 1.25. அதைத் திணித்து முறுக்கினால் பிளாக்கின் மரை உரிந்துவிடும். புது போல்ட் நிறைய தெரிந்தால், ரசீதில் எழுதாத வேலை உள்ளே நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். பாடியின் உள்ளே ஆஷ் மரச் சட்டம். நம் ஊர்க் கரையான் அதை விடாது. தேக்கில் மாற்றியிருந்தால் குறையில்லை, எந்த ஆண்டு எவ்வளவு மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். 1930இல் தொடங்கிய எம்.ஜி. கார் கிளப்பில் போருக்கு முந்தைய வண்டிகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. சேஸிஸ், இன்ஜின் எண்களை அனுப்பி அங்கே விசாரிக்கலாம்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பிரிவை விற்பவரும் வாங்குபவரும் படித்துவிடுவது நல்லது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே அது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிவானால் எண்ணில் 'வி.ஏ.' வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அசல் ஆர்.சி. தொலைந்த வண்டிக்கு அந்த எம்.எஸ். எண்ணை நிரூபிப்பதே பெரும் பாடு. விண்டேஜாகப் பதிவானதை விற்றால் இரு தரப்பும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய கார் பேரணி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் கடற்கரைக்கு ஓட்டிப்போக நினைத்து வாங்குபவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். சென்னை ஒரே பதிவு எல்லையாக இருந்து பிறகு அயனாவரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று பிரிந்தது. கையால் எழுதிய பழைய பதிவேடுகளில் எந்த வரிசை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியலை வெளியிடுங்கள். 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த பிறகும் தரைத்தள அறையில் லெட்ஜர்களை வைத்திருக்கக் கூடாது. ஸ்கேன் செய்து, அசலை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கலாம். தன் பெயரிலுள்ள வண்டிக்கு 'பி ரிஜிஸ்டர்' (ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவேடு) நகல் கேட்பவருக்கு முதல் உரிமையாளர் வரை முழுப் பக்கத்தையும் சான்றொப்பமிட்டுத் தர வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒன்று. வரி விளம்பரத்தில் பழைய கார் விற்பனை வரும்போது ஆர்.சி. யார் பெயரில் உள்ளது, அசல் கையில் இருக்கிறதா, இன்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்ற மூன்று விவரங்களையும் கேட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.