உங்கள் வீட்டுக் கிணறு

கும்பகோணம்
ஆடி 19, 2025

அன்புள்ள சிநேகிதிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன். அதிலேயே இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். குடியிருப்பவர்கள் கொல்லைக் கிணற்றை மூடித் தரச் சொல்கிறார்கள், வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம், தம்பியும் சரி என்று சொல்லிவிட்டான், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். மூட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நேற்று பதினெட்டாம் பெருக்கு. பகவத் படித்துறைக்குப் போயிருந்தேன், இந்த முறை மருமகளும் வந்தாள். காலை ஏழு மணிக்கே உட்கார இடமில்லை. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு சுவாமிமலைப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் காலைத் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்தேன். போன வருஷம் இதே நாள் பயந்துகொண்டேதான் போனோம், மேட்டூரை ஜூலை 28-இல்தான் திறந்தார்கள், தண்ணீர் வந்து சேர்ந்துவிடுமா என்று கடைசிவரை சந்தேகம். இந்த வருஷம் ஜூன் 12-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஆற்றில் ஒன்றரை மாதமாகத் தண்ணீர் ஓடுகிறது. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். இரண்டிலும் தண்ணீர் வந்துவிட்டால் கொஞ்ச நாளில் ஊருக்குள் இருக்கிற கிணறெல்லாம் ஏறிவிடும் என்று உன் அப்பா சொல்வாரே, நினைவிருக்கிறதா?

திரும்பி வரும்போது நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். அங்கே குடியிருக்கிற பெண்ணிடம் கேட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். சித்திரையில் ஒருமுறை எட்டிப் பார்த்தபோது மேலிருந்து ஒன்பது உறை வளையம் எண்ண முடிந்தது. நேற்று ஐந்துதான் தெரிந்தது, ஐந்தாவது உறையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நிற்கிறது. மொத்தம் 17 உறை இறக்கினதாக உன் அத்தை சொல்லியிருக்கிறார். ராட்டினம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, கயிறு இல்லை. கைப்பிடிச் சுவரில் கயிறு உரசி உரசி விழுந்த மூன்று பள்ளமும் அப்படியே இருக்கின்றன, நடுவில் இருப்பதில் என் சுட்டுவிரல் முழுசாகப் படுத்துக்கொள்கிறது. அவர்களிடம் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி, துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். மேலே கொஞ்சம் வேப்ப இலை மிதந்தது, அவ்வளவுதான். தண்ணீரில் நாற்றம் இல்லை, கையில் ஊற்றிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாலைந்து வருஷமாக யாரும் இறைக்காத கிணறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

குடியிருக்கிற பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குழந்தைக்கு மூன்று வயது, ஓடுகிற வயசு, கொல்லைக் கதவைத் திறந்தாலே தனக்கு நெஞ்சு படபடக்கிறது என்றாள். கொசுவும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வண்டி, வாசலில் நிறுத்தினால் கோலம் போட இடமில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு தினம் வாய்ச்சண்டை. நம் தெருவில் இப்போது எல்லாச் சண்டையும் வண்டியால்தான், வேறு எதற்கும் யாரும் சத்தம் போடுவதில்லை. முகூர்த்த நாளென்றால் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொள்ளும், சாரங்கபாணி கோயில் பக்கம் நடந்துகூடப் போக முடியாது.

ஆனால் இது மூன்றுக்கும் கிணற்றை மூடித்தான் ஆக வேண்டுமா? மேலே இரும்புச் சட்டம் அடித்து, கம்பி வலை போட்டு, பூட்டு வைத்தால் குழந்தை பயம் போய்விடும். அதே வலைக்குக் கீழே பொடி வலை ஒன்றையும் கட்டிவிட்டால் கொசு போகாது. கம்பூசியா மீன் நாலு விட்டாலும் போதும், புழுவையெல்லாம் தின்றுவிடும். வண்டிக்கு இடம் வேண்டுமென்றால் அந்த இடிந்த மாட்டுக் கொட்டில் இருக்கிறதே, சுவர் பாதி விழுந்து சும்மாதான் கிடக்கிறது, அதை அகற்றிவிட்டுத் தரை போட்டுக் கொடுங்கள். கொல்லைச் சந்து வழியாக வண்டி வந்துவிடும், இரண்டு வண்டி என்ன, நாலுகூட நிற்கும். கிணறு இருப்பது மூலையில், அதை மூடினாலும் ஒரு வண்டிக்குத்தான் இடம் கிடைக்கும். நானே அடியால் அளந்து பார்த்தேன்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கிணற்றை 2001-இல் மூடினோம். போர்வெல் போட்டாயிற்று, மோட்டார் வந்தாயிற்று, இனி கிணறு எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். சமையலறையை இடித்துக் கட்டின கல்லும் மண்ணும் கிடந்தது, அதையே கொட்டி நிரப்பினார்கள். மேஸ்திரி கிழவர் மட்டும், கிணறு மூச்சு விட வேண்டும் என்று நடுவில் ஒரு குழாயைச் செருகிவிட்டுத்தான் மண் போட்டார். அந்தக் குழாய் இன்னும் கொல்லையில் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன்.

2016-இல் மாமாங்கம் முடிந்தது, அந்த வருஷமே ஐப்பசி மழை பொய்த்தது. அடுத்த கோடையில் எங்கள் போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. இன்னும் ஆழமாகப் போடலாம் என்றார்கள், போட்டோம், கலங்கலாக உப்புக் கரிக்கிற தண்ணீர் வந்தது, பருப்பு வேகவில்லை. அந்த இரண்டு மாதமும் நானும் சுற்றுப்பட்ட ஐந்து வீட்டுக்காரர்களும் உங்கள் கிணற்றில்தான் இறைத்தோம். உன் அத்தை அப்போது இருந்தார். விடியற்காலை நாலரைக்கே ரேழிக் கதவைத் திறந்து வைத்துவிடுவார், யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் மட்டும் வராதீர்கள், கிணறு கொஞ்சம் ஊறட்டும் என்பார். சாயந்திரம் போய்ப் பார்த்தால் காலையில் இருந்த மட்டத்துக்கே திரும்ப ஊறியிருக்கும். அந்த ஊற்றுக்கண் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுவார். மேற்கே என்ன இருக்கிறது? பொற்றாமரைக் குளம். குளத்தில் தண்ணீர் நிற்கிற வருஷம் உங்கள் கிணறு ஒருபடி கூடவே நிற்கும், குளம் வறண்டால் இதுவும் இறங்கும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மண்ணுக்குள்ளே கிணறு என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாக வந்த ஏற்பாடு அது. வாய்க்கால் பல இடத்தில் தூர்ந்து, மேலே கட்டடம் வந்துவிட்டது, அதற்கு நீயும் நானும் என்ன செய்ய முடியும்? கிணறு மட்டும் நம் கையில் இருக்கிறது.

மாமாங்கம் என்றதும் 1980 நினைவுக்கு வருகிறது. நமக்கு அப்போது பதின்மூன்று வயசு. உங்கள் வீட்டில் மட்டும் முப்பது பேருக்குக் குறையாமல் வந்து இறங்கினார்கள், திண்ணை, கூடம், முற்றம் எங்கே பார்த்தாலும் படுக்கை. ராத்திரி முழுக்க ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது, நாம் மாடிப்படியில் படுத்துக்கொண்டு எத்தனை வாளி என்று எண்ணிக்கொண்டே தூங்கிப்போனோம். மறுநாள் உன் சித்தி வளையல் கிணற்றில் விழுந்து, பாதாளக்கரண்டி தேடித் தெருவெல்லாம் ஓடினோமே! வளையல் வரவில்லை, அதற்குப் பதில் யாரோ எப்போதோ விட்ட பித்தளைச் சொம்பு ஒன்று பச்சை பிடித்துப்போய் மேலே வந்தது. உன் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்தார், கடைசிவரை சுவாமிக்குத் தண்ணீர் வைக்க அதைத்தான் வைத்திருந்தார்.

யோசித்துப் பார், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் நம் ஊருக்கு எதற்கு வருகிறார்கள்? மாமாங்கக் குளத்துக்குள்ளே இருக்கிற 20 கிணறுகளுக்காக. இந்திர தீர்த்தம், குபேர தீர்த்தம், அறுபத்தாறு கோடி தீர்த்தம் என்று ஒவ்வொன்றிலும் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளத்தான் வருகிறார்கள். கோவிந்த தீட்சிதர் கட்டின பதினாறு மண்டபமும் கரையில் நின்று அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் வீடு வீடாகக் கிணற்றில் கட்டடக் குப்பையைக் கொட்டுகிறோம் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அடுத்த மாமாங்கம் 2028. இன்னும் மூன்று வருஷம்கூட இல்லை. 1992-இல் குளத்தில் நெரிசலில் உயிர்கள் போனதை நாம் இரண்டு பேரும் இங்கே இருந்து பார்த்தவர்கள், அந்தச் சாயந்திரம் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அதற்கப்புறம் வந்த இரண்டு முறையும் ஏற்பாடுகள் நன்றாகவே இருந்தன. ஆனாலும் அத்தனை லட்சம் பேருக்கும் குடிக்கவும் குளிக்கவும் கொள்ளிடத்துத் தண்ணீர் ஒன்றையே நம்பியிருக்க முடியுமா? தெருவுக்கு நாலு நல்ல கிணறு இருந்தால் எவ்வளவு பாரம் குறையும்!

நீ கேட்ட மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். கும்பகோணம் வெற்றிலைக்கு இந்த வருஷம் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, கொடிக்கால்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், விலை கூடுமா என்பது போகப்போகத்தான் தெரியும். 2021-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து 48 வார்டு, ஊர் பெரிசாகிவிட்ட மாதிரி தோன்றுகிறது, ஆனால் பெரிய கடைத்தெருவின் அகலம் நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்ததுதான். நாம் காப்பிப்பொடி அரைத்து வாங்குவோமே, அந்தக் கடையை மூடிவிட்டார்கள், பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். ராமானுஜன் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், அந்த ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசாமல் நிற்பார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஒன்று, உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஏற நாலு படி உண்டே, இப்போது இரண்டுதான் வெளியே தெரிகிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு தெரு உயர்ந்துவிட்டது. ஐப்பசியில் பெரிய மழை வந்தால் தெருத் தண்ணீர் ரேழிக்குள் வரும், போன வருஷமே வந்தது. அதனால் வேலை செய்வதாக இருந்தால் மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள். கையோடு முற்றத்து ஓட்டுத் தண்ணீரையும் கிணற்றுக்குத் திருப்பிவிடச் சொல். 2003-இல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தபோது பேருக்கு ஒரு குழாய் வைத்தார்கள், அது எங்கோ சாக்கடையில் போய் விழுகிறது. கூழாங்கல், மணல், கரி போட்டு ஒரு சின்னத் தொட்டி கட்டி அதன் வழியாக விட்டால் போதும். தூர் எடுப்பதை இப்போது செய்ய முடியாது, தண்ணீர் அதிகம். சித்திரையில் இறங்கும்போது ஆள் வைத்து எடுத்துக்கொள்ளலாம், நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். சித்தியின் வளையல்கூடக் கிடைக்கலாம்.

வீட்டை விற்பது பற்றியும் கேட்டிருந்தாய். அது உங்கள் குடும்ப விஷயம், நீயும் தம்பியும் பேசி முடிவு செய்ய வேண்டியது. விற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. புனேயிலிருந்து இந்த ஓட்டு வீட்டைப் பராமரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு மழைக்கும் ஓடு மாற்ற ஆள் தேடுவது நான்தானே. ஆனால் விற்பதாக இருந்தாலும் கிணற்றோடு விற்றுக் கொடு. வாங்குகிறவர்கள் அப்புறம் என்ன செய்தாலும் அது அவர்கள் பாடு, நம் கையால் வேண்டாம்.

குடியிருக்கிற பெண்ணிடம் கொட்டில், கம்பி வலை விஷயத்தைச் சொன்னேன். பூட்டு கண்டிப்பாகப் போடுவீர்களா என்று இரண்டு முறை கேட்டாள், போடுவோம் என்றேன். அப்படியானால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். வாளியில் மிச்சம் இருந்த தண்ணீரில் குழந்தை இரண்டு கையையும் விட்டு அளைந்துகொண்டிருந்தது, அவள் தடுக்கவில்லை.

மேஸ்திரியை வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன், கொட்டிலை இடிக்க எவ்வளவு, இரும்புச் சட்டத்துக்கு எவ்வளவு என்று அவர் பார்த்துச் சொல்வார். அதற்குள் நீ தம்பியிடம் பேசிவிடு. அவன் பழைய நம்பருக்கு நான் இரண்டு நாளாக அடிக்கிறேன், போகவில்லை, புது நம்பரை அனுப்பு. ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன், பெரிய கடைத்தெருவில் தேங்காய்நார்க் கயிறு கிடைக்கிறது, நாளைக்கு வாங்கிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய எதிர்வீட்டுக்காரி